வலது மூக்கில் வெள்ளைக்கல்

விழுப்புரத்தில் 'ஒரே மாதிரி பாண்டு' என்று சொன்னால் ஆட்டோக்காரர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். பாண்டுரங்கன் என்று சொன்னால் எந்தப் பாண்டுரங்கன் என்பார். இந்தப் பட்டப்பெயரை யாரும் ஆசையாக அவருக்குச் சூட்டவில்லை. இருபத்தெட்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்து, அத்தனையையும் ஒரே மாதிரி எடுத்து, அவரே உழைத்துச் சம்பாதித்த பெயர் அது.

முதலில் பிள்ளையார் வருவார். பிறகு பத்திரிகை. பிறகு மண்டபத்துப் பெயர்ப்பலகை, கீழேயிருந்து மேலாக. மணப்பெண் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துகொள்வாள். அது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் பாண்டு விட மாட்டார், கையை வைக்கச் சொல்லிக் கெஞ்சுவார். தாலி ஏறியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு தாமரைக்குள்ளிருந்து எழுந்து வருவார்கள், பின்னால் அருவி கொட்டும். எந்த ஊர் அருவி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேசட் போய் டிவிடி வந்தது, டிவிடி போய் பென்டிரைவ் வந்தது. தாமரை மட்டும் போகவில்லை.

ஒருமுறை கண்டமங்கலத்து டிவிடி கெடாருக்கும், கெடார் டிவிடி கண்டமங்கலத்துக்கும் மாறிப் போய்விட்டது. கண்டமங்கலத்தில் சொந்தபந்தமெல்லாம் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தார்கள். பிள்ளையார், பத்திரிகை, பலகை, பந்தி எல்லாம் வந்தன. அரைமணி நேரம் கழித்துத்தான் பெண்ணைப் பெற்ற அப்பாதுரை, "ஏம்பா, நம்ம மாப்பிள்ளைக்கு மீசை உண்டா?" என்று கேட்டாராம். இந்தக் கதையைப் பாண்டுவிடமே சொல்லிச் சிரிக்காதவர்கள் விழுப்புரத்தில் குறைவு. அவரும் கூடவே சிரிப்பார். வீட்டுக்குப் போனதும் சிரிக்க மாட்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மனிதருக்குக் கண் கூர்மை. ரிசப்ஷனில் மாப்பிள்ளை இடது கையில் வாட்ச் கட்டியிருந்தால் முகூர்த்தத்திலும் இடது கையில்தான் இருக்கிறதா என்று பார்ப்பார். பெண், மாமியார் போட்ட வளையலோடு ஒரு காட்சியிலும் அது இல்லாமல் அடுத்த காட்சியிலும் வந்தால், அந்தத் துண்டை வெட்டி எறிவார். இதற்கு அவர் வைத்திருந்த பேர் 'கன்டினியுட்டி', அவர் அடிக்கடி சொல்லும் ஒரே ஆங்கில வார்த்தை அது. எட்டாவது வரை படித்தவர் அதை மட்டும் பிசகாமல் சொல்வார்.

இப்படி ஒரே மாதிரி எடுத்துக்கொண்டிருந்தால் காலம் சும்மா விடுமா? ட்ரோன் வந்தது. 'கேண்டிட்' வந்தது. கேண்டிட் என்றால் யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது. ஆயுசு முழுக்க 'இங்க பாருங்க, இங்க பாருங்க' என்று தொண்டை கிழியக் கத்தியவரிடம் போய் இதைச் சொன்னால் என்ன செய்வார்? விழுப்புரம் ஸ்டுடியோவை இழுத்து மூடிவிட்டு, திண்டிவனத்தில் பானுப்ரியா என்ற பெண் நடத்தும் எடிட்டிங் கடையில் ஆல்பம் வேலைக்குச் சேர்ந்தார். அவளுக்கு முப்பது வயது. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு புதுச்சேரியில் எடிட்டிங்கும் கற்றுக்கொண்டவள். இவருக்கு ஐம்பத்து நாலு. முதலாளியை இவர் பாப்பா என்றார், வேலையாளை அவள் அண்ணா என்றாள், அதனால் யாருக்கும் சங்கடம் இல்லாமல் ஓடியது.

ஆடி மாதம் அவள் சங்கடத்தைச் சொல்லிவிட்டாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆல்பம் யாரும் போடறதில்ல. எல்லாம் ஏஐ வீடியோன்னு கேக்கறாங்க. தீபாவளி வரைக்கும் பாக்கலாம். அதுக்கப்புறம் உங்கள வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

பாண்டு தலையாட்டினார். விழுப்புரத்தில் வீட்டோடு உட்கார்ந்தால், பகல் முழுக்க அந்த டிவிடி கதையைக் கேட்டே செத்துப்போவோம் என்று அவருக்கு மெய்யாகவே பயமாக இருந்தது. திண்டிவனத்து நாற்காலி ஒன்றுதான் அவருக்கு மிச்சம் இருந்த மரியாதை.

அந்த வாரமே அபிநந்தன் வந்தான். செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம், மரச்செக்கு எண்ணெய் வியாபாரம். அப்பா ஸ்ரீபாலன் காலத்தில் கடைவாசலில் மணமே விளம்பரம், பையன் காலத்தில் போனில் விளம்பரம்.

"பன்னெண்டு வீடியோ மேடம். மல்லாட்டை விதைக்கிறதுலேந்து எண்ணெய் பாட்டில் மூடுற வரைக்கும். எல்லாத்துலயும் ஒரே அம்மா வரணும், ஒரே வீடு, ஒரே கொல்லை. ஜனங்க அந்தம்மாவ நம்புனாத்தான் எண்ணெய நம்புவாங்க."

செஞ்சியைச் சுற்றி மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்குகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, எங்குமே இல்லாத ஒருத்தியை மெஷினில் பிறப்பித்து, அவளைக் காட்டி நம்ப வைப்பதுதான் இப்போது சுளுவு. அபிநந்தனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பானுப்ரியா உட்கார்ந்து எழுதினாள். அந்த ஏஐ மெஷினுக்குத் தமிழிலேயே எழுதலாம். எழுதியதைப் படித்து எட்டு விநாடிப் படம் தரும். ஆனால் அவள் எம்.ஏ. தமிழ். ஒரே வார்த்தை இரண்டு முறை வந்தால் அவளுக்கு உடம்பு கூசும். முதல் காட்சிக்கு 'கிராமத்துப் பெண்' என்று எழுதினாள், நம்ம ஊர் அம்மா ஒருத்தி வந்தாள். இரண்டாவதுக்கு 'உழவர் குல நங்கை' என்றாள், தலையில் கிரீடத்தோடு ஒரு மகாராணி ஏர் பிடித்தாள். மூன்றாவதுக்கு 'வயல்வெளி மங்கை' என்றாள், பாவாடை தாவணியில் பதினாறு வயதுப் பெண் வந்து நின்றாள். 'ஓட்டு வீடு' அடுத்த காட்சியில் 'மனை' ஆனது. மெஷின் நாலு பக்கமும் கல் நட்டு, கொடி கட்டி, விற்பனைக்கு இருந்த பிளாட்டைக் காட்டியது. திண்டிவனம் பக்கம் அது தப்பில்லைதான், ஆனால் எண்ணெய் விளம்பரத்துக்கு உதவாது. கடைசியாக, வேர்க்கடலைக்கு எண்ணெய்க் கடைக்காரர்கள் சொல்கிற பெயரில் 'மணிலா அறுவடை' என்று எழுதினாள். கடற்கரையோரம் ஏதோ வெளிநாட்டுப் பட்டணமும் கப்பலும் வந்தன.

"நான் ஒரு தடவ பாக்கட்டுமா பாப்பா?" என்றார் பாண்டு.

போனால் போகிறது என்று அவள் நாற்காலியை விட்டாள். அவர் ஒரு விரலால் தட்டித்தட்டி, 'மல்லாட்டை பிடுங்கும் அம்மா' என்று அடித்தார். லங்கோடு கட்டிய இரண்டு மல்லர்கள் செம்மண்ணில் கட்டிப் புரண்டார்கள். ஓரத்தில் ஒரு அம்மா நின்று கைதட்டினாள். மல் ஆட்டை என்று பிரித்துப் படித்திருக்கிறது அந்தப் புத்திசாலி. பானுப்ரியா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பாண்டு சிரிக்கவில்லை. மல்லாட்டையை அழித்துவிட்டு வேர்க்கடலை என்று போட்டார், அதன்பிறகு கடைசிவரை அந்த வார்த்தையை மாற்றவே இல்லை.

அப்புறம் தன் பழைய கல்யாண நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கத்தில் அந்த அம்மாவைப் பற்றி எழுதினார். 'வயது நாற்பது. மாநிறம். அகலமான நெற்றி. வகிடு நடுவில் இல்லை, கொஞ்சம் இடது பக்கம். தலைமுடி முழுக்கக் கருப்பு. வலது மூக்கில் வெள்ளைக்கல் மூக்குத்தி. சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிப்பாள். பச்சைப் புடவை, மெரூன் பார்டர். காலை ஏழு மணி வெயில்.' நடுவே நிறுத்தி யோசிக்கவில்லை, மளமளவென்று எழுதினார். மெஷின் தந்த பத்துப் படங்களில் ஒன்பதைத் தள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்.

அவர் செய்தது அவ்வளவுதான். ஒவ்வொரு காட்சிக்கும் அதே படத்தைக் கொடுத்தார், அதே பத்தியை ஒட்டினார், ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. கடைசி வரி மட்டும் மாறியது: இவள் விதைக்கிறாள், இவள் களை பறிக்கிறாள், இவள் காயவைக்கிறாள்.

"திரும்பத் திரும்ப ஒண்ணையே எழுதறீங்களே அண்ணா. இலக்கணத்துல இதுக்குக் கூறியது கூறல்னு பேரு, குற்றம்" என்றாள் பானுப்ரியா.

"குத்தமோ இன்னாவோ, மூஞ்சி மாறலயே பாப்பா."

மாறவில்லைதான். நாலாவது வீடியோவிலும் அதே நெற்றி, ஏழாவதிலும் அதே கோணல் சிரிப்பு. மூக்குத்தி ஒருமுறை இடது பக்கம் தாவியது. பாண்டு உடனே பிடித்து, அந்தத் துண்டைத் தூக்கி எறிந்து, புதிதாக எடுத்தார். மகாராணியும் மங்கையும் ஒழிந்தார்கள். அபிநந்தன் பத்து வீடியோவையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, "சூப்பர் அண்ணா. எல்லாம் ஒரே மாதிரி இருக்குது" என்றான்.

"இன்னொரு தடவ சொல்லுங்க தம்பி" என்றார் பாண்டு.

அவனுக்குப் புரியவில்லை, ஆனாலும் சொன்னான். இருபத்தெட்டு வருடம் திட்டாகக் கேட்ட இரண்டு வார்த்தைகள் அன்றைக்குப் பாராட்டாக வந்து விழுந்தன. அன்று விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து விக்கிரவாண்டி வரை தனக்குள் சிரித்துக்கொண்டே போனார்.

பதினோராவது வீடியோவுக்காக மெஷினைத் திறந்த அன்று திரையில் பலூன் பறந்தது. புது வெர்ஷன் வந்துவிட்டதாம், இன்னும் அழகாம், இன்னும் தத்ரூபமாம். பழையதை எடுத்துவிட்டார்கள். பாண்டு அதே படத்தைக் கொடுத்து அதே பத்தியை ஒட்டினார். நேராகப் பியூட்டி பார்லரிலிருந்து வந்த ஒருத்தி, முப்பத்திரண்டு பல்லும் தெரிய இரண்டு பக்கமும் சிரித்தாள். இருபது தடவை ஒட்டினார், இருபது தடவையும் அதே பளபளப்பு வந்தது. வேறு வழியில்லாமல் பானுப்ரியா அதையே அனுப்பிவைத்தாள். கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"மேடம், எங்கப்பா இது யாருன்னு கேக்கறாரு" என்றான் அபிநந்தன். "அவரு அந்தம்மா நெஜம்னே நெனச்சிக்கினு இருக்காரு. சம்பளம் ஒழுங்கா குடுக்கலயா, அதான் நின்னுட்டாங்களான்னு என்னைப் போட்டு ஒரே பேஜாரு. சனிக்கிழமைக்குள்ள அதே அம்மா வரலைன்னா நான் மெட்ராஸ்ல பாத்துக்கறேன்."

பானுப்ரியா போனை வைத்துவிட்டுப் பாண்டுவைப் பார்த்தாள். அந்தச் சனிக்கிழமை அவர் வேலைக்கும் கெடுதான் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவர் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அந்த மூஞ்சி எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும் பாப்பா. எங்க வூட்டுலதான்."

"அப்ப பத்து வீடியோவும் பொன்னி அக்காவா?"

அவருக்குக் காது சிவந்தது. ஒரு பெண்ணைப் பற்றி எழுது என்றால் அவருக்குப் பெண்சாதி பொன்னியை விட்டால் வேறு யாரைத் தெரியும்? நாலாயிரம் கல்யாணம் எடுத்தவரிடம் சொந்தப் பெண்சாதியின் வீடியோ ஒரு நிமிஷம்கூட இல்லை. அவர் கல்யாண கேசட்டின்மேல் அவரே அவசரத்துக்கு வேறொரு கல்யாணத்தைப் பதிந்துவிட்டார் என்பது தனிக் கதை. இப்போது யோசனை எளிது. பொன்னியை நாலு பக்கமும் படமெடுத்து மெஷினுக்குக் கொடுத்தால், அந்த முகம் எங்கே ஓடிவிடும்?

வீட்டுக்குப் போனபோது பொன்னி கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். அவள் சல்லடையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"சனிக்கிழம காத்தால என்கூடவே கெளம்பிடு. அந்தப் பச்சைப் பொடவ, மெரூன் பார்டர், அதக் கட்டிக்கோ. மூக்குத்திய நல்லா தொடச்சிப் போட்டுக்கோ."

சல்லடை நின்றது.

"எந்த மூக்குத்தி?"

"மூக்குத்திதான். வலது மூக்குல இருக்குதே."

பொன்னி எழுந்துவந்து ட்யூப்லைட்டுக்கு நேராக முகத்தைத் திருப்பிக் காட்டினாள். "எங்க இருக்குது, தொட்டுக் காட்டுங்க."

பாண்டு பார்த்தார். மூக்குத்தி இல்லை. ஓட்டைகூட இல்லை, மாவுப் பொட்டு வைத்த மாதிரி ஒரு சின்னத் தழும்பு இருந்தது. வகிடு நெடுக நரைத்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எப்ப கழட்டுன?"

"ஆபரேஷனுக்கு. உள்ள கூட்டினு போறதுக்கு முன்னாடி நர்ஸம்மா கழட்டச் சொன்னாங்க. நீங்க கூட்டேரிப்பட்டு கல்யாணத்த முடிச்சிட்டு மத்தியானமா வந்தீங்க. நாலு வருசமாச்சு. நீங்க கேட்டா திரும்ப குத்திக்கலாம்னு இருந்தேன். கேக்கல. ஓட்டை தூந்துபோச்சு."

"பச்சைப் பொடவ?"

"கிழிஞ்சி கால்மிதி ஆயி, அந்தக் கால்மிதியும் போயாச்சு. தெனம் அதுமேலதான கால தொடச்சிக்கினு உள்ள வந்தீங்க."

இவர் ஊரான் வீட்டு மாப்பிள்ளையின் வாட்ச் எந்தக் கையில் என்று பார்த்தவர். மெஷின் மூக்குத்தியைப் பக்கம் மாற்றியதும் பாய்ந்து பிடித்தவர். நாலு வருடம் எதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார். அவருக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் குறுகியது. சட்டையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"பக்கத்து வூட்டு அருணா போன்ல காட்டுனா" என்றாள் பொன்னி, மாவுக்குத் திரும்பியபடி. "இந்த எண்ணெய்ப் பொம்பள உங்கள மாரியே கீதுக்கான்னு. நான் அப்படி இருந்து ரொம்ப நாளாச்சுடின்னேன்."

சனிக்கிழமை அவள் தனக்குப் பிடித்த நீலப் புடவையில் வந்தாள். பானுப்ரியா நாலு பக்கமும் படமெடுத்து, பழைய பத்தியோடு மெஷினுக்குக் கொடுத்தாள். மெஷின் முகத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. பத்தியையும் விடவில்லை: நரையைக் கருப்பாக்கி, கன்னத்தை நிரப்பி, வலது மூக்கில் ஒரு கல்லைப் பதித்தது.

"கேக்காமலே குத்திடுச்சு" என்றாள் பொன்னி.

அந்த நேரம் பார்த்து அபிநந்தன் உள்ளே வந்தான். திரையில் ஒருத்தி, எதிரே ஒருத்தி. மாறிமாறிப் பார்த்தான். மூக்குத்தி வைத்த அந்தப் படத்தைக் காட்டி வேலையை முடித்திருக்கலாம், அவனும் வாங்கிக்கொண்டு போயிருப்பான், நாற்காலியும் தப்பியிருக்கும். பானுப்ரியா கண்ணாலேயே அதைத்தான் சொன்னாள். பாண்டு எழுந்து நின்றார்.

"தம்பி, பத்து வீடியோலயும் தப்பு. நான்தான் தப்பா எழுதிட்டேன். அந்தம்மா இவங்கதான், ஆனா இப்ப இப்படித்தான் இருக்காங்க. கன்டினியுட்டி இல்ல. பத்தையும் திரும்ப பண்ணித் தரேன்."

பானுப்ரியா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அபிநந்தன் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, போனைப் பொன்னிக்கு நேராக நீட்டினான். போனில் ஸ்ரீபாலன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முன்பின் தெரியாத மனிதர், இவளைப் படத்தில் பத்துத் தடவை பார்த்ததோடு சரி.

"வாங்கம்மா. உங்களத்தான் தேடிக்கினு இருந்தேன்" என்றார். உடனே கேட்டார்: "மூக்குத்தி எங்கம்மா? காணோமே."

பொன்னி போனைப் பார்க்கவில்லை. பாண்டுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்கறாரு பாருங்க" என்றாள்.

பாண்டு தலையைக் குனிந்துகொண்டார். கண்ணில் நீர் முட்டியது. கேமராக்காரர் அழுவதை யாரும் பார்த்ததில்லை என்பதால் பானுப்ரியா சுவரைப் பார்த்தாள். ஸ்ரீபாலன் பாட்டுக்கு, உடம்பு சரியில்லையா, மெலிந்துவிட்டீர்களே என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பொன்னி சாவகாசமாக ஆபரேஷன் கதையை முழுதாக அவரிடம் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் மகனிடம், "இந்தம்மாவே இப்படியே வரட்டும்டா. பத்தும் திருப்பி எடுக்கட்டும்" என்று சொல்லி போனை வைத்தார்.

"அப்ப தீபாவளி தாண்டிடும்" என்றாள் பானுப்ரியா. நாற்காலி இருக்கிறது என்று பாண்டுவுக்குத்தான் அப்படிச் சொன்னாள்.

அவர் நோட்டைத் திறந்து பழைய பத்தியை அடித்துவிட்டு, பொன்னியை எதிரே உட்கார வைத்தார். 'வயது' என்று எழுதி நிமிர்ந்தார். ஐம்பது, போன மாசம் ஆச்சு என்றாள். எழுதிக்கொண்டார். நெற்றி, வகிடு, நரை எல்லாம் எழுதினார். 'வலது மூக்கில்' என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டு நின்றார்.

"இன்னா நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்லன்னு எழுதணும்."

"ஒண்ணுமில்லன்னு எழுதாதீங்க. தூந்துபோன ஓட்டைன்னு எழுதுங்க. மெஷினாவது தெரிஞ்சிக்கட்டும்."

பாண்டு அப்படியே எழுதினார். முதல் தடவை மளமளவென்று எழுதிய அந்தப் பத்தியை எழுதி முடிக்க இந்தத் தடவை அவருக்கு மத்தியானம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.